பூச்சிக் கத்தரிக்காய்க்குத்தான் விலை

கத்தரிக்காய் வாங்குகிறவர் காம்பைத் திருப்பி, பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் கூடையிலேயே திரும்பப் போட்டுவிடுவார். ஆங்கில இலக்கியத்தின் முதல் பதிப்புகளைச் சேர்ப்பவரும் அப்படித்தான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். என்ன, ஓட்டை இல்லையென்றால் இவர் முகம் வாடிப்போகும்.

1997-ல் லண்டனில் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் புத்தகம், கெட்டி அட்டையில் அச்சானது 500 பிரதிகள்தான். அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய், பிள்ளைகள் கையில் சிக்கிச் சின்னாபின்னமானது. தப்பிய பிரதி ஒன்று கண்ணில் பட்டால் சேகரிப்பாளர் கதையின் முதல் வரிக்கெல்லாம் போவதில்லை; நேரே 53-ஆம் பக்கம். மாயாஜாலப் பள்ளிக்கு மாணவர்கள் கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியல் அங்கே இருக்கிறது. அதில் ‘மந்திரக்கோல் 1’ என்று மேலே ஒரு தடவையும், மறந்துபோய்க் கீழே இன்னொரு தடவையும் அச்சாகியிருக்கும். பின்னட்டையில் புத்தகத்தின் தலைப்பிலேயே ஓர் எழுத்தைக் காணோம். மெய்ப்புப் பார்த்தவர் அன்றைக்கு யாரிடமாவது திட்டு வாங்கியிருந்தால், 2021 டிசம்பரில் அவர் மனம் ஆறியிருக்கும். அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அப்படி ஒரு பிரதி 4,71,000 டாலருக்குப் போனது.

இந்தக் கட்டுரையாளரிடமும் ஒரு ஹாரி பாட்டர் உண்டு. சென்னையில் ஒரு நடைபாதையில் வாங்கிய திருட்டுப் பதிப்பு. பக்கத்துக்கு நாலு பிழை; நடுவில் பதினாறு பக்கம் தலைகீழ். பழைய பேப்பர்காரர்கூட அதை எடைக்கு எடுக்க யோசித்தார். பிழை செய்தாலும் முதல் ஆளாகச் செய்ய வேண்டும் போலிருக்கிறது.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925-ல் நியூயார்க்கில் வந்தபோது, காகித மேலுறையின் பின்பக்கத்தில் கதாநாயகன் ஜே கேட்ஸ்பியின் பெயர் சின்ன எழுத்தில் தொடங்கிவிட்டது. பதிப்பகத்தார் மையால் அதைப் பெரிய எழுத்தாகத் திருத்தி அனுப்பினார்கள். வாங்கியவர்கள் மேலுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள், அந்தக் காலத்து வழக்கப்படி. இன்று மேலுறை இல்லாத முதல் பதிப்புக்குச் சில ஆயிரம் டாலர். நல்ல மேலுறையோடு வந்தால் லட்சக்கணக்கில். தேங்காயை விட மட்டைக்கு விலை.

படிப்பதைப் பற்றி இன்னும் பேச்சே வரவில்லையே என்று கேட்கலாம். வராது. பழைய புத்தகங்களில் பெரிய தாளை மடித்துத் தைத்திருப்பார்கள். மடிப்பின் விளிம்பை வெட்டாமலே விற்பார்கள். வாங்குகிறவர் பேப்பர் கத்தியால் கீறிக் கீறித்தான் படிக்க வேண்டும். நூறு வருடமாக யாரும் கீறாத பிரதி கிடைத்தால் சேகரிப்பாளருக்குப் பரமானந்தம். இத்தனை தலைமுறையாக இதை ஒருவரும் படிக்கவில்லை என்பதற்கு அதுதான் சான்றிதழ். அதைக் கெடுக்க அவருக்கு மட்டும் மனம் வருமா?

படித்துக் கிழிந்த புத்தகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1623-ல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் முதல் ஃபோலியோ, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் சங்கிலி போட்டு வைக்கப்பட்டிருந்தது. ‘ரோமியோ ஜூலியட்’ பக்கங்கள் மட்டும் மாணவர் கை பட்டு நைந்தேபோயின, வயது அப்படி. 1660-களில் மூன்றாம் பதிப்பு வந்ததும், புதுசு இருக்கும்போது பழசு எதற்கு என்று நூலகம் அதைத் தள்ளிவிட்டது. 1905-ல் ஒரு மாணவர், வீட்டில் கிடந்த பழைய புத்தகத்துக்கு எப்படி பைண்டிங் செய்வது என்று கேட்க அதே நூலகத்துக்கு வந்தார். கையில் இருந்தது அதே பிரதி. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபோல்ஜர் அதற்கு 3,000 பவுண்டு தர முன்வந்தார். போட்லியன் ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, அதே 3,000 பவுண்டுக்குத் தன் புத்தகத்தைத் தானே வாங்கியது. ஃபோல்ஜர் சும்மா இருக்கவில்லை. இன்று வாஷிங்டனில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் முதல் ஃபோலியோ 82 பிரதிகள் இருக்கின்றன. ஒரே புத்தகம், 82!

இந்தச் சேகரிப்பாளர் கூட்டத்தின் ராஜா தாமஸ் ஜேம்ஸ் வைஸ். லண்டனில் வாசனைத் தைல நிறுவனத்தில் எழுத்தராகத் தொடங்கிய மனிதர். பின்னாளில் நூலியல் சங்கத்துக்குத் தலைவர், ஆக்ஸ்ஃபோர்டின் கௌரவ எம்.ஏ. யாரிடமும் இல்லாத முதல் பதிப்புகள் அவரிடம் இருந்தன. அவரே அச்சடித்தால் பிறகு யாரிடம் இருக்கும்?

எலிசபெத் பாரெட் பிரௌனிங் தன் வருங்காலக் கணவருக்காக எழுதிய காதல் சானட்டுகள் 1850-ல் வெளிவந்தவை. வைஸ் அவற்றையே மெல்லிய சிறுநூலாக அச்சிட்டு, ‘ரெடிங், 1847’ என்று போட்டார். மூன்று வருடம் முந்திவிட்டது! டென்னிசன், ரஸ்கின், ஸ்வின்பர்ன் என்று ஒருவரையும் விடவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சில பிரதிகளைத் தானமாகக் கொடுத்து, அங்கே பட்டியலில் ஏற்றினார். தானே எழுதிய நூற்பட்டியல்களிலும் அவற்றை அசல் என்று பதிந்தார். சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே.

1934-ல் ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் அந்தச் சிறுநூல்களின் தாளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 1861-க்குப் பிறகே காகிதத்துக்குள் வந்த எஸ்பார்ட்டோ புல், இரசாயன மரக்கூழ் எல்லாம் பழைய தேதி போட்ட அந்தப் புத்தகங்களில் இருந்தன. ஆங்கில ‘எஃப்’ எழுத்தின் கொக்கி வழக்கமாக அடுத்த எழுத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சிறுநூல்களில் அது குட்டையாக இருந்தது. 1880-களில்தான் அந்த அச்செழுத்தே வார்க்கப்பட்டது. மானநஷ்ட வழக்குக்குப் பயந்து, குற்றவாளி வைஸ்தான் என்று இருவரும் நேராக எழுதவில்லை. படித்தவர் எவருக்கும் அது யார் என்பதில் சந்தேகம் வரவில்லை.

வைஸ் 1937-ல் இறந்தார். அவர் நூலகத்தை பிரிட்டிஷ் மியூசியம் 66,000 பவுண்டுக்கு வாங்கியது. 1950-களில் டேவிட் ஃபாக்ஸன் என்ற நூலகர், மியூசியத்தின் பழைய நாடக நூல்களில் 200-க்கும் மேற்பட்ட தாள்கள் காணாமல் போனதைக் கண்டார். அவற்றில் பல, வைஸின் பிரதிகளுக்குள் அழகாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வாசகராக வந்து கிழித்துக்கொண்டு போனதை, மியூசியம் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறது. போட்லியனாவது தானே தள்ளிவிட்டது.

வைஸின் போலிகளை இன்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ‘ரெடிங், 1847’ ஒன்று கைக்கு வந்தால், பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் ‘எஃப்’ எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். கொக்கி குட்டையாக இருந்தால்தான் பணப்பை திறக்கிறது.