சுவர்ப் பிரதியும் திரைப் பிரதியும்: ஒரு பாடபேத ஆய்வு

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது: அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் சுவடிகள் தாமாக மாறிக்கொள்ளவில்லை. துரைப்பாக்கத்தில், நான்காம் மாடியில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் ஓட்டும் மென்பொருள் குழுவின் பிரதிகளை ஆராயப் புகுந்த எமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கிடைத்த பிரதிகள் இரண்டு. கண்ணாடித் தடுப்பில் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டுகளால் ஆனது ஒன்று, இனி 'சு'. வேலைகளைக் குறித்துவைக்கும் ஜிரா என்ற மென்பொருளில் இருப்பது மற்றது, இனி 'தி'. இரண்டிலும் 'டு டூ', 'இன் ப்ரோக்ரஸ்', 'டன்' என மூன்றே கட்டங்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்பது ஐதிகம்.

'சு'வின் பூர்வீகம் டொயோட்டா. அட்டை வந்தால்தான் அடுத்த உதிரிபாகம் செய்யலாம் என்ற முறையை 1950களில் அங்கே வேரூன்றச் செய்தவர் தாயிச்சி ஓனோ. அம்முறையின் பெயர் கான்பான்; ஜப்பானியத்தில் பெயர்ப்பலகை என்று பொருள். 'சு'வின் பசையோ அமெரிக்கச் சரக்கு. 1968இல் 3எம் ஆய்வகத்தில் ஸ்பென்சர் சில்வர் கெட்டியான பசை தேடப்போய் ஒட்டியும் ஒட்டாத ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தப் பசை தடவிய தாள் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வர 1980 ஆயிற்று. 'தி' 2002இல் பிறந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கொஜிராவில் தலையை வெட்டினால் ஜிரா. திங்கட்கிழமை காலையில் அதைத் திறந்து பார்த்தவர் எவரும் இந்தச் சொற்பிறப்பை மறுத்ததாகத் தெரியவில்லை.

பிடிமானம் பற்றி ஒரு விளக்கம் தேவை. இறைவனைப் பற்றும் விதத்துக்கு வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் உவமை காட்டுவர். ஸ்டிக்கி நோட்டு குரங்குக் குட்டி; தன் பிடி விட்டால் தரைதான் கதி. அதிலும் தாளை அடியிலிருந்து மேலாக உரித்தால் சுருண்டுகொள்ளும்; பக்கவாட்டில் உரித்தால்தான் தட்டையாக நிற்கும். எஞ்சினியரிங் முடித்த பதினொரு பேரில் ஒருவரும் பக்கவாட்டில் உரிக்கக் காணோம். மேலே ஏசி வேறு. ஜிரா டிக்கெட்டோ பூனைக் குட்டி. அதை எழுதியவரே வேலையை விட்டுப் போனாலும் யாராவது கவ்விக்கொண்டு அடுத்த ஸ்பிரின்டில் போடுவார்கள்.

பாடபேதங்கள் ஏராளம். 'தி'யில் மட்டும் காணப்படுபவை மேனேஜர் ராத்திரி வீட்டிலிருந்து சேர்த்தவை. 'சு'வில் மட்டும் உள்ளது ஒன்றே: 'வெள்ளி - பிரியாணி, ஆளுக்கு 250'. இந்தத் தாள் மட்டும் எந்த ஸ்பிரின்டிலும் 'டன்'னுக்குப் போகத் தவறியதில்லை.

எது மூலம், எது படி என்ற சர்ச்சை உண்டு. சுவர், கிளையன்ட் இடத்தில் இருக்கும் ஆன்சைட்காரர் கண்ணுக்குத் தெரியாது. திரையை இங்குள்ளவர் கூப்பிட்டாலொழியப் பார்ப்பதில்லை. ஆகவே சாயங்காலம் ஸ்க்ரம் மாஸ்டர் லேப்டாப்பை இடக்கையில் ஏந்தி, சுவர் முன் நின்று, ஒவ்வொரு தாளாகப் படித்து 'தி'யில் ஏற்றுகிறார். ஏடெழுதியவர்களுக்காவது உட்காரப் பாய் கிடைத்தது.

ஆய்வின் மூன்றாம் நாள் இரு பிரதிகளும் முழுக்க ஒத்துப்போயின. இதுவே எமக்குச் சந்தேகத்தை எழுப்பியது. 'லாகின் பக்' என்ற தாள் இரண்டிலும் 'டன்'. அதற்குரிய பையனைக் கேட்டோம். "டன்ல இருந்துச்சு சார். பக்கத்து சீட் அண்ணா முடிச்சிருப்பார்னு விட்டுட்டேன்" என்றான். அண்ணாவோ அந்தப் பையனைக் கை காட்டினார். ஆன்சைட்டிலிருந்து அதற்குள் கட்டைவிரல் பொம்மையோடு பாராட்டு வந்திருந்தது. லாகின் மட்டும் ஆகவில்லை.

இடைச்செருகல் என்று தெளிந்தோம். செருகியவரைத் தேடிப் பான்ட்ரி வரை போனோம். ஹவுஸ்கீப்பிங் அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஆமா சார், கீழ கெடந்துச்சு, நான்தான் ஒட்டுனேன். மொத ரெண்டு கட்டத்துல எடமே இல்ல. அந்தக் கடைசிக் கட்டம்தான் எப்பவும் காலியா கெடக்கும்."