கத்தாழைத் தண்ணியும் கணக்குப்பிள்ளையும்

வா மாப்ளே, போனுக்குள்ள மூஞ்சி நல்லாத்தான் தெரியுது. கன்னம் ஒட்டியிருக்கு, தொந்தியையும் காணோம். சோறு இல்ல, இட்லி இல்ல, பழத்தைக்கூட நிறுத்துப் பாத்துத்தான் திங்கிறேன்னு உங்க அம்மா மூக்கைச் சிந்துறா. அப்படிப்பட்டவனுக்குச் சனிக்கிழமை ராத்திரி மட்டும் காரமா, மாவுச்சத்து இல்லாம, வீட்டுலயே ஒரு காக்டெய்ல் கலக்கணுமாம். அதுக்கு யோசனை கேக்க டெக்ஸாஸ்லருந்து கோவில்பட்டிக்குப் போன் அடிச்ச பாரு, அங்கதான் நீ நிக்கிற. இந்த விசயத்துல மாமன் தேர்ந்தவன்னு உனக்கு எவனோ சொல்லியிருக்கான். அவன் யாருன்னு அப்புறம் விசாரிச்சுக்கிறேன்.

சோத்தத் தள்ளி வச்சிட்டுச் சாராயத்தை உள்ள விட்ட மொத ஆளு நீ இல்ல. நம்ம தெருவுலயே அந்தக் காலத்துல ரெண்டு பேர் இருந்தாங்க. என்ன, அவங்க அதுக்கு டயட்டுன்னு பேர் வைக்கல.

சரி, சங்கதிக்கு வருவோம். நீ கேக்குறது உன் வாசல்லயே கெடக்கு. மேற்கு டெக்ஸாஸ்ல ராஞ்ச் வாட்டர்னு ஒண்ணு குடிப்பாங்களே, டெக்கீலா, எலுமிச்சம் சாறு, பொங்குற மினரல் தண்ணி, அம்புட்டுத்தான். அந்தத் தண்ணியிலயும் அவங்களுக்கு ஒரு கௌரவம். டோப்போ சிக்கோதான் வேணும்பாங்க. மெக்சிகோவுல மான்டெர்ரே பக்கம் 1895லருந்து பாட்டில்ல அடைக்கிற தண்ணி. மார்கரீட்டாவுல ஊத்துற ஆரஞ்சு இனிப்பு மது இதுல கெடையாது. மாடு மேய்க்கிற ஊர்ல வெயிலுக்குக் குடிக்க ஏத்த சரக்கு. அதுல ஒரு மிளகாயப் போட்டா நீ கேட்டது வந்துருச்சு. போனை வச்சிரலாம். ஆனா மாமன்கிட்ட கேட்டுட்டு அம்புட்டு லேசாத் தப்பிச்சிர முடியுமா?

டெக்கீலா எதுலருந்து வருதுன்னு தெரியுமா? கத்தாழை மாப்ளே, கத்தாழை. நம்ம மானாவாரிக் காட்டு வேலியில நிக்குதே ஆனைக்கத்தாழை, அதுக்குப் பங்காளி. ரெண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோதான். இங்கன வந்ததை நாம வேலிக்கு நட்டோம், மடலைத் தட்டி நார் எடுத்துக் கயிறு திரிச்சோம், சாறு பட்ட எடத்தையெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தோம். அங்கன இருக்கிறவன் மடலைச் சீவித் தள்ளிட்டு, நடுக்கிழங்கை அவிச்சு, நசுக்கி, புளிக்க வச்சு, வடிச்சு உலகத்துக்கே விக்கிறான். அதுக்குன்னே நீலக் கத்தாழை வேணும், அது ஆறேழு வருசம் மண்ணுல நின்னாத்தான் வெட்டுக்கு ஆகும். ஹலிஸ்கோ மாநிலத்தையும் இன்னும் சில பகுதிகளையும் விட்டா வேற எங்கன வடிச்சாலும் அந்தப் பேரை ஒட்ட முடியாது. 1974லயே பேருக்கு உரிமை வாங்கி வச்சுட்டாங்க.

அங்கன கள்ளும் உண்டு, கேட்டியா. புல்கேன்னு பேரு. வேற இனத்துக் கத்தாழையோட குருத்தைத் தோண்டி எடுத்துட்டு, குழியில ஊறுற பதனியை நீளமான சுரைக்குடுக்கையால உறிஞ்சிப் புளிக்க வைக்கிறாங்க. நம்ம ஊர்ல 1987லருந்து கள்ளு எறக்குனா கேசு. பனை நிக்குது, ஏறுறவனைத்தான் காணோம். சரி, அந்த வயித்தெரிச்சலை எதுக்குக் கெளப்பணும், உனக்குத் தாகம்.

உன் கிராம் கணக்குக்கு வாரேன். கத்தாழைக் கிழங்குல இருக்கிற சத்து அவியும்போது சர்க்கரையாகுது. அதை ஈஸ்ட் தின்னு சாராயமாக்குது. காய்ச்சி வடிக்கையில மேல பறக்கிறது சாராயமும் வாசனையும் கொஞ்சம் தண்ணியும்தான். சர்க்கரைக்குப் பறக்கத் தெரியாது, அண்டாவுக்குள்ளயே கெடந்துரும். அதனால நல்ல டெக்கீலாவுல மாவுச்சத்து சுழி. வோட்கா, ஜின், விஸ்கிக்கும் இதே கதைதான். பாட்டில்ல ‘100% அகாவே’ன்னு எழுதியிருக்கான்னு மட்டும் பாத்து வாங்கு. அது இல்லாத பாட்டில்ல 51 பங்கு கத்தாழை இருந்தாப் போதும், மிச்சத்துக்கு வேற ஏதாவது சர்க்கரையைப் போட்டுப் புளிக்க வச்சுக்கலாம்னு சட்டமே வழி விட்டிருக்கு.

நீ ஏமாறப் போற எடம் வேற. கடையில பச்சைக் கலர்ல மார்கரீட்டா கலவைன்னு வச்சிருப்பான், ஒரு கிளாஸுக்கு 20 கிராமுக்கு மேல சர்க்கரை சர்வசாதாரணம். பார்ல ‘ஸ்கின்னி’ன்னு ஒண்ணு குடுப்பான், அதுல சர்க்கரைக்குப் பதிலாக் கத்தாழைப் பாகு ஊத்துறவன்தான் நெறைய. கத்தாழைன்னதும் ஏதோ மூலிகைன்னு நெனச்சுக்கிட்டு நீங்களும் ரெண்டு கரண்டி கூட ஊத்தச் சொல்லுவீங்க. ஒரு டீஸ்பூனுக்கு 5 கிராம் மாவுச்சத்து அதுல. அதைக் குடிச்சிட்டு மறுநாள் தராசுமேல ஏறி நின்னு, தராசைத் திட்டுவீங்க.

இனிப்பை விரட்டியாச்சு. இப்பக் காரம். டிட்ராய்ட்ல ஸ்கோவில்னு ஒரு மருந்தாளுநர் இருந்தாரு. 1912ல மிளகாயோட காரத்தை அளக்க வழி சொன்னாரு. மிளகாயைச் சாராயத்துல ஊறப் போட்டுச் சாரம் எடுக்கிறது. அப்புறம் நாக்குக்கு ஒறைப்பே தெரியாமப் போற வரைக்கும் அதுல சர்க்கரைத் தண்ணியை ஊத்திக்கிட்டே போறது. எத்தனை மடங்கு ஊத்துனமோ அதுதான் காரத்தோட நம்பர். இதுலயே உனக்கு வேண்டியது அம்புட்டும் இருக்கு. காரத்தைச் சாராயம் இழுத்துக்கும், சர்க்கரை மூடி மறைக்கும். நீ சாராயத்தை வச்சுக்கிட்டுச் சர்க்கரையைத் தூக்கிட்ட. அப்பக் காரம் அம்மணமா வந்து நிக்கும். அதனால, சர்க்கரைப் பாகு ஊத்துற செய்முறையில நாலு துண்டு மிளகாய்னு போட்டிருந்தா நீ ரெண்டோட நிறுத்து. இதைச் சொல்லாமத்தான் ஊர்ல எல்லாவனும் செய்முறை எழுதுறான்.

மிளகாய் ஹாலபீனோவே போதும். உங்க டெக்ஸாஸ் அரசாங்கமே 1995ல அதை மாநில மிளகாய்னு அறிவிச்சிருக்கு, அதுக்காவது மரியாதை குடு. காரம் 2,500லருந்து 8,000 வரைக்கும் போகும். நான் கோவில்பட்டிக்காரன்னு காட்ட, அம்மா பொட்டலம் கட்டி அனுப்புன காந்தாரியை அள்ளிப் போட்டுறாத. அது 50,000த்துல ஆரம்பிக்கிற சாமான். ஹாலபீனோ ஒண்ணை நெடுக்க வகுந்து, உள்ள இருக்கிற வெள்ளைச் சவ்வைக் கரண்டியால வழிச்சு எறி. எல்லாரும் விதையைத்தான் தட்டுவாங்க, காரம் சுரக்கிறதே அந்தச் சவ்வுலதான். 250 மில்லி டெக்கீலாவுல துண்டு போட்டு மூடி வை. அரைமணிக்கொருக்க ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாரு. சொட்டுன்னா சொட்டு, மாப்ளே. ருசி பாக்கிறேன்னு சொல்லிப் பாதிப் பாட்டிலை முடிச்சவங்களை நான் பாத்திருக்கேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள பெரும்பாலும் பதத்துக்கு வந்துரும், உடனே டீ வடிகட்டியில வடிச்சிரு. ராத்திரி பூரா ஊறட்டும்னு விட்டா அது காக்டெய்லுக்கு ஆகாது, கொசு விரட்டத்தான் ஆகும்.

கையை வெறுந்தண்ணியில கழுவாத, காரம் தண்ணியில கரையாது. சமையல் எண்ணெயைத் தேய்ச்சு, பெறகு சோப்புப் போட்டுக் கழுவு. அதுக்கப்புறந்தான் கண்ணைக் கசக்கணும், அதுக்கப்புறந்தான் பாத்ரூம் போகணும். இந்த வரிசையை மாத்திட்டு ராத்திரியில எனக்குப் போன் போடாத, நான் எடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு. 42 டிகிரிக்கு மேல போனாத்தான் ‘சுடுது’ன்னு கத்துற ஒரு நரம்பு வாய்ல இருக்கு. மிளகாய் தட்டுறதும் அதே நரம்பைத்தான். சாராயம் பட்டுச்சுன்னா அந்த 42 எறங்கி 34க்கு வந்துருமாம், ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. உன் உடம்புச் சூடே 37. அப்ப வெறும் சாராயத்துக்கே நரம்பு கத்தும், மேக்கொண்டு மிளகாயும் போனா ரெண்டு பேரும் ஒரே கதவை ஒடைக்கிறாங்கன்னு அர்த்தம். அதனால ஐஸை அள்ளிப் போடு, கஞ்சத்தனம் பண்ணாத.

உயரமான கிளாஸ்ல ஐஸை வாய் வரைக்கும் நெரப்பு. காரம் ஏறுன டெக்கீலா 45 மில்லி. கண்ணளவுல ஊத்தாத, உன் கண்ணு சனிக்கிழமை பொய் சொல்லும். அப்பப் பிழிஞ்ச எலுமிச்சம் சாறு 15 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. மேல மினரல் தண்ணியைப் பைய ஊத்தி ஒரே கலக்கு, அதுக்கு மேல கலக்குனா பொங்கு போயிரும். வெள்ளரிக்காயை நீளமாச் சீவி உள்ள விட்டா நாக்குக்கு ஒதுங்க ஒரு நெழல் கெடைக்கும். டானிக் தண்ணியை ஊத்திறாத, கசக்குதேன்னு நம்பாத, அதுக்குள்ள சர்க்கரை ஒளிஞ்சு கெடக்கு. கிளாஸ் வாய்லயும் உப்பு வேணும்னா பாதி வட்டம் மட்டும் தடவு, வேணாம்னு தோணுனா அந்தப் பக்கம் திருப்பிக் குடிக்கலாம்.

இப்ப உன் நோட்டுல எழுதிக்கோ: மாவுச்சத்து ஒண்ணேகால் கிராம், அதுவும் எலுமிச்சையோடது. சந்தோசமா? அந்தச் சந்தோசத்துலதான் மாமன் மண்ணை அள்ளிப் போடப் போறேன். அந்த 45 மில்லியில 14 கிராம் சுத்தச் சாராயம், கிராமுக்கு 7 கலோரி, ஆக நூறு கலோரி கிட்ட. உன் நோட்டுல அதுக்கு வரி இல்லைங்கிறதால அது இல்லைன்னு ஆகிறாது. சாராயம் உள்ள போன உடனே ஈரல் மத்த வேலையைக் கீழ போட்டுட்டு அதைத்தான் பாக்கும். நீ ஆசையா எரிக்கிறேன்னு சொல்ற கொழுப்பு அது வரைக்கும் வரிசையில நிக்கும். மாவுச்சத்து தின்னாத ஒடம்புல சர்க்கரை இருப்பும் கம்மி, ஈரலும் புதுசாச் செஞ்சு குடுக்காது. அதனால வெறும் வயித்துல குடிச்சுறாத, ரெண்டு முட்டையாவது தின்னுட்டு உக்காரு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுற கூட்டாளி எவனாவது வந்தா, டாக்டரைக் கேக்காம அவன் கையில கிளாஸைக் குடுத்துறாத. நான் வெளையாட்டாச் சொல்லல.

அப்புறம் அந்த மேசையில என்ன தட்டு? மறைக்காத, தெரியுது. மக்காச்சோள சிப்ஸ். ஒரு கைப்பிடி 28 கிராம், அதுல 19 கிராம் மாவுச்சத்து. கிளாஸுக்குள்ள ஒண்ணேகால் கிராமுக்கு இம்புட்டுக் கணக்குப் பாத்த கணக்குப்பிள்ளை, தட்டுல கை போகையில மட்டும் நோட்டை மூடி வச்சிருவாரு. வறுத்த நெலக்கடலையோ சீஸோ வை. அதுவும் அடுப்படியில இருக்கட்டும். எந்திரிச்சுப் போய்த்தான் எடுக்கணும்னா பாதிப் பேர் எடுக்க மாட்டாங்க.

ரெண்டாவது கிளாஸுக்கு ஒரு உபாயம் இருக்கு, சத்தமாச் சொல்லிறாத. டெக்கீலாவை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எல்லாம் அப்படியே போடு. ஐஸ், எலுமிச்சை, உப்பு, வெள்ளரிக்காய், பொங்குற தண்ணி, ஒரு துண்டு ஹாலபீனோவை நசுக்கி. பாக்க அதே கிளாஸ்தான். காரம் தூக்குறதுனால பக்கத்துல இருக்கிறவனுக்குச் சந்தேகமே வராது. நீயும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு ‘ஆஹா’ன்னு சொல்லு. இந்த வித்தையில நம்ம ஊர்க் கல்யாண வீடுகள்ல எத்தனை பேரைக் குடிகாரன்னு நம்ப வச்சிருக்கேன் தெரியுமா? உனக்குச் சொன்னவனும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனாத்தான் இருக்கணும்.

மிஞ்சுன மிளகாய் டெக்கீலாவைப் பாட்டில்ல அடைச்சா மேல பெரிசாப் பேரெழுதி ஒட்டு. உன் மாமியாருக்கு விசா கெடைச்சிருச்சாமே, உங்க அம்மா சொன்னா. பாக்கப் பச்சத்தண்ணி கணக்கா இருக்கும், மோந்து பாத்தா மிளகாய் வாசம் வரும். அந்தம்மா அதை வினிகர்ல ஊறப் போட்ட மிளகாய்னு நெனச்சு நூடுல்ஸ்ல ஊத்திப் பிள்ளைகளுக்குக் குடுத்துரும். தமிழ்ல எழுது, அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் வராது.