மூக்கு வழி, இதயம் வரை

மூச்சில் போகிற தூசி நுரையீரலோடு நிற்காதா? இதயத்துக்கு அங்கே என்ன வேலை?

ரத்தம் ஆக்சிஜன் வாங்கும் இடத்தில்தான் இந்தத் தூசியும் போய் இறங்குகிறது. பருமனான தூசியில் பெரும்பகுதியை மூக்கும் சளியும் பிடித்து வைத்துவிடும். பிஎம் 2.5 எனும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை அதற்குத் தடையில்லை. அங்கே அழற்சி கிளம்புகிறது. மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலக்கின்றன. ரத்தக் குழாயின் உட்சுவர் கெட்டு, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வருவது இப்படித்தான். புற்றுநோயும் உண்டு: 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இத்துகள்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

கண்ணுக்கே தெரியாததற்கு இத்தனை பயமா?

1952 டிசம்பரில் லண்டனில் அது கண்ணுக்கும் தெரிந்தது. காற்று அசையாத ஐந்து நாள், நிலக்கரிப் புகை நகரத்தை மூடிக் கிடந்தது. எதிரே வருபவர் தெரியவில்லை. இறந்தவர்கள் 4,000 பேர் என்றது முதல் கணக்கு. பிற்கால ஆய்வு 12,000 வரை போனது. பெரும்பாலோர் முதியவர்கள், நோயாளிகள், குழந்தைகள். தூய காற்றுச் சட்டம் 1956-இல்தான் வந்தது.

எவ்வளவு தூசி வரை பரவாயில்லை?

பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஆண்டுச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். இந்தியா 2009-இல் வைத்த வரம்பு 40. இங்குள்ள நுரையீரல் எட்டு மடங்கு உறுதியானதா என்ன? அந்த வரம்பைக் குறைத்தே ஆக வேண்டும்.