தாழும் பெடலோடு வாழும் வழி

உங்கள் வளவில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. அப்பப்பா வாங்கியது, விற்க மனமில்லை. சந்தியில் சைக்கிள்காரருக்கு வழிவிட்டு நிற்கும்போது பிறேக் பெடல் காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்குகிறது. என்ன செய்யலாம்?

முதலில், யாரிடமும் சொல்லாதீர்கள். கொழும்புத்துறையில் பிறேக்கைப் பற்றி வாய் திறந்தால் படலையடிக்கு நாலுபேர் வந்துவிடுவார்கள். நாலுபேரும் தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போன யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஒஸ்ரின் ஏ40க்கும் கேம்பிரிட்ஜுக்கும் நாலு துளி பெற்றோலைக் காட்டி உசுப்பி, மிச்ச வழிக்கு மண்ணெண்ணெய் குடிக்கவைத்த கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எஞ்சின் எதைக் குடித்தாலும் இருமிக்கொண்டாவது ஓடும். பிறேக்குக்கு இருமத் தெரியாது.

"எண்ணெய் எண்ணெய்தானே தம்பி, எஞ்சின் ஒயிலை விடும்" என்பார் முதலாமவர். விட்டுப் பாருங்கள். பழைய காரின் இயற்கை றப்பர் வாசர்கள் ஊதிப் பருத்துவிடும். பிறகு பெடல் தாழாது; காரும் நகராது, பிறேக் பிடித்த பிடியை விடாது. இரண்டாமவர் ஆமணக்கெண்ணெய் என்பார். அவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம், ஆதிகாலப் பிறேக் ஒயில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்ததுதான். என்ன கணக்கில் கலப்பது என்று கேட்டால் மதுசாரத்தின் கணக்கைமட்டும் பிசகில்லாமல் சொல்லுவார்.

மூன்றாமவர் தத்துவவாதி. "இஞ்ச என்ன மலையே இருக்கு? ரெண்டுதரம் பம்ப் பண்ணிப் பிடியும்." குடாநாடு தட்டை என்பது சரி. ஆனால் மாடும், ஒழுங்கையிலிருந்து பாயும் நாயும், ரியூசன் விட்டு மூன்று வரிசையாகக் கதைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளும் மலையில்லாமலே வருகிறார்கள். நாலாமவர், இலுப்பையடியில் இருந்த யோகர் சுவாமியை நினைத்துக்கொண்டு ஓட்டச் சொல்வார். 1964இல் சமாதியடைந்த சுவாமி, அடியார்களின் கார்களில் ஏறிப் போனவர்தான். அந்தக் கார்களுக்குப் பிறேக் இருந்தது.

நாலுபேரும் தேத்தண்ணி குடித்துப் போனபிறகு வேலையைத் தொடங்கலாம். எஞ்சினை நிறுத்திப் பெடலை அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். ஓங்கி மிதித்தால் வீறாப்பாக நிற்கும், நம்பாதீர்கள். அழுத்தம் கூடும்போது தேய்ந்த வாசரின் விளிம்புகூட விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சந்தியில் நிற்பதுபோலச் சோம்பலாகக் காலை வையுங்கள். அப்போதுதான் சுயரூபம் தெரியும்.

அடுத்தது ஒயில் மட்டம். அதைத் தேடி பொனெற்றைத் திறக்கவேண்டாம். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் றைவரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கால்விரிப்பைத் தூக்கி, மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறவுங்கள். செருப்போடு வந்த மணல் உள்ளே விழுந்தால் வாசருக்கு அரம் வைத்தது மாதிரி. மட்டம் குறைந்திருந்தால் வெளியே எங்கோ ஒழுகுகிறது. முன்சில்லுக்கு இரண்டிரண்டு, பின்சில்லுக்கு ஒவ்வொன்று என ஆறு சிலிண்டர். ரயரின் உட்பக்கத்தில் ஈரம் தெரியும். உப்புக்காற்றில் துருவேறிய பைப்புகளையும் தடவிப் பாருங்கள். நாலு சில்லுக்கும் ஒரே வழியால்தான் ஒயில் போகிறது, ஓரிடத்தில் உடைந்தால் நாலும் போச்சு.

மட்டம் குறையவில்லை, ஈரமும் இல்லை, ஆனாலும் தாழ்கிறது என்றால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர்தான். உள்ளிருக்கும் வாசர் தேய்ந்து, தள்ளவேண்டிய ஒயிலைப் பின்னால் நழுவவிடுகிறது. (இரண்டாம் மிதியில் பெடல் உயர்ந்து அங்கேயே நின்றால் அது வேறு வருத்தம்: சூவை இறுக்கவேண்டும். மெதுமெதுவென்று அமுங்கினால் உள்ளே காற்று.)

சிலிண்டரைக் கழற்றப் போனால் போல்ற் வெளியே வராது, முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு இந்த இடத்தில் எந்தக் கராஜிலும் நல்ல வார்த்தை கிடைக்காது. கழற்றியபின் உள்சுவரை விரலால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது வாசர் போட்டும் பிரயோசனமில்லை, சிலிண்டரையே மாற்றவேண்டும். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது வாங்கி அலுமாரியில் வைத்த அரைப் போத்தல் பிறேக் ஒயிலையும் மறந்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சாமான். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140இலேயே கொதித்துவிடும். சிந்தினால் பெயின்றையும் உரித்துவிடும்.

புது ஒயில் விட்டு, தூரத்துச் சில்லில், அதாவது பின் இடதில் தொடங்கிக் காற்றை எடுங்கள். கான்ட்பிறேக் கேபிளில் வேலைசெய்வது. அதையும் இறுக்கி வையுங்கள். முதலோட்டத்துக்கு ஜெற்றிப் பக்கம் திருப்பாதீர்கள், அங்கே வீதி முடிய கடனீரேரி தொடங்குகிறது. பாசையூர்ப் பக்கம் போங்கள். பக்கத்துச் சீற்றில் அந்த மூன்றாமவரை ஏற்றுங்கள்.