பலெர்மோவின் பாதுகாவலர்

அடிமைமுறையை ஆராய்கிறவர் அமெரிக்காவில் அல்லவா இருக்க வேண்டும்? இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் அவருக்கு என்ன வேலை?

அந்த ஊரின் பாதுகாவலப் புனிதர்களில் ஒருவரே ஆப்பிரிக்க அடிமைகளின் மகன். பிறகு வேறெங்கே தேடுவது? 1589இல் மறைந்த துறவி பெனெடெட்டோவைப் புனிதராக்க 1594 முதல் 1807 வரை நடந்த விசாரணைகளை ஆராய்ந்து, 2002இல் நூலாக்கினார் பலெர்மோ பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜொவான்னா ஃபியூமே. 'அடிமையின் மகனைப் பீடத்தில் ஏற்றிய ஊரில் கொடுமை குறைவாகத்தானே இருந்திருக்கும்?' என்று கேட்கலாம். ஒருவரை வணங்கியதால் விற்கப்பட்ட மற்றவர்களின் விலங்கு கழன்றுவிடவில்லை. 'வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் சிசிலிக்காரர்களையும் பிடித்துப் போனார்களே?' போனார்கள். அவர்களைப் பற்றியும் ஃபியூமே எழுதியிருக்கிறார். இரு கரையிலும் மனிதர் விலைபோனதால் குற்றம் இரட்டிக்கிறதே தவிர, ஒன்றுக்கொன்று கழிந்துபோவதில்லை.

அமெரிக்கக் கண்டத்தின் கதையையும் பலெர்மோவை விட்டுவிட்டு முழுதாகச் சொல்ல முடியாது. பிரேசிலின் கறுப்பின அடிமைகள் இதே பெனெடெட்டோவின் பெயரில்தான் சங்கங்கள் அமைத்து ஒருவருக்கொருவர் துணைநின்றார்கள். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வணங்கிய பிறகே ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. பிரிட்டன் அடிமை வணிகத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த அதே 1807இல்!