பிரசிடெண்ட் சாருக்கு லவ் வந்துடுச்சு!

1995-ல் வந்த 'தி அமெரிக்கன் பிரசிடெண்ட்' படம் பார்த்திருக்கிறீர்களா? மனைவியை இழந்த ஜனாதிபதியாக வரும் மைக்கேல் டக்ளஸ், காதலிக்கு ஒரு பூங்கொத்து அனுப்பப் படாத பாடு படுவார். போதாக்குறைக்கு, முன்னுதாரணம் என்று நிஜ ஜனாதிபதி உட்ரோ வில்சனை வேறு இழுப்பார்கள். ஐயையோ, அந்த மனுஷர் அடித்த கூத்துக்கு முன்னால் டக்ளஸ் வெறும் எல்கேஜி!

வில்சன் பாதிரியார் வீட்டுப் பிள்ளை, முன்னாள் காலேஜ் புரொபசர். போட்டோக்களில் அந்தப் பரீட்சை ஹால் முறைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. 1914 ஆகஸ்டில் மனைவி எல்லன் இறந்ததும் நொறுங்கிப்போனார்; அந்தத் துக்கம் நிஜம். அடுத்த மார்ச்சில் எடித் கால்ட்டைச் சந்தித்தார். நகைக்கடைச் சொந்தக்காரி, எலெக்ட்ரிக் கார் ஓட்டும் விதவை. மே 4-ம் தேதியே, 58 வயது ஜனாதிபதி 42 வயது எடித்திடம் 'கட்டிக்கிறியா?' என்று கேட்டேவிட்டார். 'அவங்க போய் ஒரு வருஷம்கூட ஆகலையே' என்று அம்மணி கையை விரித்துவிட்டார்.

மூன்றே நாளில், முதல் உலகப் போரின் நடுவே, ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியா பயணிகள் கப்பலைத் தகர்த்தது. 128 அமெரிக்கர்கள் உட்பட சுமார் 1,200 பேர் பலி. நாடே கொதித்தது. 10-ம் தேதி பிலடெல்பியாவில் பேசிய வில்சன், தன்மானமுள்ள தேசம் சண்டைக்கு இறங்காமலும் இருக்கலாம் என்றார். கோழையா, ராஜதந்திரியா என்று ஆளாளுக்கு அந்தப் பேச்சைப் பிய்த்து உதறினார்கள். பேசியவர் எடித்துக்கு எழுதிய கடிதத்தில் என்ன சொன்னார் தெரியுமா? மனசு இருந்த நிலையில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை; போன ஊர் பிலடெல்பியாவா நியூயார்க்கா என்பதிலேயே குழப்பமாம்!

சரி, காதல் பரிசாக என்ன அனுப்பினார்? அரசாங்க ஃபைல்கள்! இப்போது பசங்க ரீல்ஸ் தள்ளிவிடுகிற மாதிரி, வெளியுறவுக் காகிதங்களைக் கவரில் போட்டு, ஓரத்தில் தன் குறிப்பும் எழுதி அனுப்பினார். எடித்தும் சளைக்காமல் கருத்துச் சொன்னார்.

கடைசியில் அம்மணி மனசு மாறித் தலையாட்ட, டிசம்பர் 18, எடித் வீட்டில் கல்யாணம். ஹனிமூன் ரயிலில் மெய்க்காவலர் ஸ்டார்லிங் கண்ட காட்சி: கோட்டும் உயரத் தொப்பியுமாக, சினிமாப் பாட்டு கேட்ட விடலை போல ஜனாதிபதி குதித்துக் குதித்துத் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

1919 அக்டோபரில் பக்கவாதம் வில்சனைப் படுக்கையில் தள்ளியது. எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்பதை எடித்தான் முடிவு செய்தார். மந்திரிகள் அனுப்பிய ஃபைல்கள், ஓரமெல்லாம் அம்மணியின் கிறுக்கல் கையெழுத்தோடு திரும்பி வந்தன. அவர்களுக்குத்தான் அது அதிர்ச்சி. எடித்துக்கு என்ன, காதலிக்கிற காலத்திலேயே படித்துப் பழகிய ஃபைல்கள்தானே!