கட்டம் நிரப்புகிறவர்

சென்னை ஓ.எம்.ஆரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவராவது இருப்பார். பதினைந்து வருட ஜாவா அனுபவம். டேட்டாபேஸில் கிடப்பதை அள்ளி இணையப் பக்கத்து டேபிளில் போடுவது வேலை. கேட்க எளிதுதான், சப்ளையர் வேலையும் கேட்க எளிதுதான்.

கட்டம் நிரம்பினால் போதும், எதனால் நிரம்பியது என்பது அவர் கவலையில்லை. சோதனைக்கு அவர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் நால்வர்: ரஜினி, கமல், 'ஏஏஏ', பெயரே இல்லாத ஒருவர். நால்வருக்கும் ஒரே போன் நம்பர், பத்து ஒன்பது. பெயரில்லாதவருக்கு முன்னால் 'திரு' சேர்த்தால் ஜாவா கூசாமல் 'திரு நல்' என்று காட்டும். நல் என்றால் அதன் பாஷையில் ஒன்றுமில்லை.

ரஜினியின் பிறந்த தேதிதான் விசேஷம். ஜாவாவின் பழைய டேட் கிளாஸ், கொடுத்த வருடத்தோடு 1900-ஐக் கூட்டிக்கொள்ளும். மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். 1997-லேயே இப்படித் தேதி போடாதீர்கள் என்று ஒதுக்கிவைத்த வழி அது. இவர் 1950, 12, 12 என்று கொடுத்தார். திரையில் 3851 ஜனவரி 12.

"தலைவர் இன்னும் பிறக்கவே இல்லையா ப்ரோ?" என்றாள் டெஸ்டிங் பெண்.

நாலு வரிக்குச் சிட்டாய்ப் பறந்த பக்கம், வாடிக்கையாளரின் ஒரு லட்சம் வரியைக் கண்டதும் படுத்துவிட்டது. "என் மெஷின்ல ஓடுதேம்மா!" பட்டியலைத் தரும் கெட்டருக்குள்ளேயே க்வெரியை எழுதியிருந்தார். ஜாவாவில் இணையப் பக்கம் வரையும் ஜே.எஸ்.எஃப்., ஒரு பக்கத்தை வரைந்து முடிப்பதற்குள் அந்தக் கெட்டரைப் பல தடவை கூப்பிடும். கூப்பிடும்போதெல்லாம் டேட்டாபேஸ் லட்சம் வரியையும் தலையில் சுமந்து ஓடிவந்தது.

யாரோ, ஜே.எஸ்.எஃப்.-க்கான பிரைம்ஃபேசஸ் தொகுப்பின் லேசி டேட்டா மாடலைக் காட்டித்தந்தார்கள். பார்க்கிற பக்கத்துக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துவரும் ஏற்பாடு. மறுவாரமே புதியவர்களுக்கு வகுப்பெடுத்தார்: "கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தா ஆயிரம் இலையும் ஒண்ணாவா போடுவீங்க? பந்தி பந்தியாத்தான் உட்காரவைக்கணும்." போன வாரம் ஆயிரம் இலை போட்டது யார் என்பது டெஸ்டிங் பெண்ணுக்கு ஞாபகம் இருந்தது. அப்ரைசல் மாதம், பேசாமலிருந்தாள்.

தையில் அவருடைய அக்கா மகள் கல்யாணம். கம்ப்யூட்டர்காரர் என்று மொய் எழுத உட்காரவைத்தார்கள். பெயர் எழுதாத கவர் ஒன்று வந்தது, 501 ரூபாய். கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. 'திரு நல்' என்று எழுதினார்.

திருப்பி மொய் செய்ய, மாமா இன்னும் நல்லதம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.